விளையாட்டு வருணனையும் ஆவணப்படமும்

உலகில் நிகழும் நிகழ்ச்சிகளைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் முறை இருவகைப்படும். நிகழ்ச்சி கண்முன்னே நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே, அதனைக் காணாதார்க்குச் சொல்லாற் காட்டுதல் ஒன்று. நிகழ்ச்சி முடிந்து, ஆரவாரம் அடங்கி, கூட்டம் கலைந்த பின்னர், அதன் காரணத்தையும் பயனையும் ஆராய்ந்து பிற்காலத்தார்க்கு வைத்துச் செல்லுதல் மற்றொன்று. முன்னதனை நேர்முக வருணனை என்றும், பின்னதனைக் காட்சியோடு கூட்டி ஆவணப்படம் என்றும் இக்காலத்தார் வழங்குவர். விளையாட்டு வருணனையாளராய்த் தொழில் தொடங்கி, ஆவணப்படத் தயாரிப்பாளராய் உயர்ந்தோர் சிலர் உளர். அவர் சென்ற வழி யாது? அவ்வழியில் அவர் கைக்கொண்டவை எவை? கைவிட்டவை எவை? அவ்வழியால் நம்மனோர்க்கு ஆம் பயன் யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வருணனை என்பது தமிழர்க்குப் புதியதொன்றன்று. கலித்தொகையில் முல்லைக்கலியைப் பயின்றோர் இதனை நன்கறிவர். ஆயர் குலத்து மகளிர் பரண்மேல் நின்று ஏறுதழுவுதலைக் காண்கின்றனர். அப்போது தோழி தலைவியை விளித்து, இன்ன நிறத்து ஏறு வருகின்றது, இன்னான் அதன்மேற் பாய்ந்தான், இன்னவாறு அவன் புண்பட்டான் என ஒவ்வொன்றாகச் சுட்டிக் கூறுகின்றாள். காளையின் நிறமும், கொம்பின் கூர்மையும், வீரனின் விரைவும் அவள் சொல்லால் நம் கண்முன் வந்து நிற்கின்றன. ஒலிபெருக்கி ஒன்றுதான் அவளிடத்தில் இல்லை. இன்றைக்கும் திண்டுக்கல்லை அடுத்த புகையிலைப்பட்டி முதலிய ஊர்களில் ஏறுதழுவுதல் நிகழுங்கால், வாடிவாசலின் அருகே மேடையில் நின்று, இஃது இன்ன ஊர் இன்னாருடைய காளை, இதனைப் பிடிப்பார்க்கு இன்ன பரிசு, காளை வென்றதா வீரன் வென்றானா என்று ஓயாது முழங்குவோர் அத்தோழியின் மரபினரே என்று கூறின் அது மிகையாகாது.

நிற்க. வானொலி தோன்றிய பின்னர் இக்கலை புத்துருவம் பெற்றது. 1934-ஆம் ஆண்டில் பம்பாயில் நடந்த கிரிக்கெட் போட்டியைப் பாபி தல்யார்கான் வருணித்தது நம் நாட்டு விளையாட்டு வருணனையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. சென்னை வானொலி நிலையம் 1938-லும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-லும் ஒலிபரப்பைத் தொடங்கின. நாளடைவில் தமிழிலேயே கிரிக்கெட் ஆட்டத்தை வருணிக்கும் வழக்கமும் எழுந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்கள் அத்துறையில் பெரும்பெயர் பெற்றவர்களுள் ஒருவர். வயல் வரப்பிலும் தேநீர்க் கடையிலும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்ற மக்கள், ஒரு மனிதரின் குரலாலேயே ஒரு மைதானம் முழுவதையும் கண்டனர்.

வானொலி வருணனையாளர்க்கு இன்றியமையாதன மூன்று. முதலாவது, கண்ணின் கூர்மை. பந்து எங்கே, ஆடுவோர் எங்கெங்கே, காற்று எத்திசையில், எண்ணிக்கை எவ்வளவு என்பனவற்றை ஒரே நோக்கில் அவர் கொள்ளவேண்டும். இரண்டாவது, சொல்லின் விரைவு. பந்து எல்லையைக் கடந்த பின்னர் வரும் உவமை, எத்துணை அழகியதாயினும், பயனற்றதே. மூன்றாவது, நினைவின் செல்வம். ஆட்டம் நின்றுபோன வேளைகளில், பழைய ஆட்டங்களையும் ஆடுநரின் பிறப்பு வளர்ப்பையும் எடுத்துரைத்துக் கேட்போரை அவர் பிடித்து வைக்கவேண்டும். ஓர் ஆட்டத்துள் ஒரு மனிதனுடைய கதை ஒளிந்திருப்பதை வருணனையாளர் முதன்முதலில் உணர்வது இவ்விடைவேளைகளிலேதான்.

தொலைக்காட்சி வந்தபின் இக்கடமை மாறுபட்டது. நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-ல் தில்லியில் தோன்றியது. சென்னைக்கு 1975-ல் வந்தது. காண்பவர் தாமே காண்கின்றாராதலின், பந்து இடப்புறம் சென்றது என்று அவர்க்குச் சொல்லவேண்டுவதில்லை. அது ஏன் அவ்வாறு சென்றது என்பதே சொல்லத்தக்கது. எப்போது பேசலாகாது என்பதும் கற்கத்தக்கது. ஆகவே வானொலியினின்று தொலைக்காட்சிக்குப் புகுந்தோர் முதலிற் கற்ற பாடம் மௌனமே ஆகும். படம் பேசுமிடத்துச் சொல் அடங்கவேண்டும் என்னும் இவ்வுண்மைதான் ஆவணப்படக் கலையின் அரிச்சுவடி.

இனி, ஆவணப்படமாவது யாது? உண்மை நிகழ்ச்சிகளையும் உண்மை மாந்தரையும் கொண்டு, கற்பனைப் பாத்திரங்களின்றி, ஒரு பொருளை ஆராய்ந்து காட்டும் படமே ஆவணப்படம். அதனை ஆக்குவோர் முதலில் பொருளைத் தேர்ந்தெடுத்து, அதனைப்பற்றிய நூல்களையும் பழைய செய்தித்தாள்களையும் துருவுவர். பின்னர் நிகழ்ச்சியிற் கலந்துகொண்டவர்களைத் தேடிச் சென்று உரையாடுவர். பழைய படச்சுருள்கள் எங்குள்ளன எனக் கண்டு, உரியவரிடம் இசைவு பெறுவர். புதிய காட்சிகளைப் படம்பிடிப்பர். இவ்வாறு பலப்பல மணிநேரமாகத் திரண்ட காட்சிகளுள் பெரும்பகுதியைக் கழித்து, எஞ்சியவற்றை முறைப்படக் கோத்து, ஒரு மணிநேரத்துள் அடக்குவர். இறுதியிற்றான் உரை எழுதப்படும். வருணனையில் சொல் முதலில் வரும்; ஆவணப்படத்தில் சொல் கடைசியில் வரும். அங்கு இரண்டு நொடி தாமதித்தாலும் குற்றம். இங்கு இரண்டு ஆண்டு காத்திருந்தாலும் குற்றமில்லை.

இவ்விரு கலைகளுக்கும் இடையே உள்ள ஆற்றைக் கடந்தவர்களுள் நம் நாட்டவர் ஒருவரை முதலில் நினைவுகூர்தல் தகும். மெல்வில் டி மெல்லோ அகில இந்திய வானொலியில் ஆங்கில வருணனையாளராய் விளங்கியவர். ஒலிம்பிக் முதலான விளையாட்டுப் போட்டிகளைத் தம் குரலால் நாட்டார்க்குக் காட்டியவர். 1948-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31-ஆம் நாள், காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை, அவ்வூர்வலத்தோடு சென்ற வண்டியிலிருந்து ஏறத்தாழ ஏழு மணிநேரம் வருணித்தவரும் அவரே. மைதானத்தின் ஆரவாரத்திற் பழகிய குரல் அன்று ஒரு நாட்டின் துயரத்தைத் தாங்கியது. பின்னர் அவர் கீர் காட்டுச் சிங்கங்களைப் பொருளாகக் கொண்டு ஒரு வானொலி ஆவண நிகழ்ச்சியை ஆக்கினார். அது 1964-ல் இத்தாலியப் பரிசு என்னும் பன்னாட்டுப் பரிசினைப் பெற்றது. ஆட்டக்களத்தில் காத்திருக்கப் பழகிய செவி, காட்டிலும் காத்திருந்து வென்றது.

டி மெல்லோ ஒலியோடு நின்றார். ஒலியினின்று ஒளிக்குச் சென்று, விளையாட்டு ஆவணப்படத்தையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்டவர் அமெரிக்க நாட்டுப் பட் கிரீன்ஸ்பான் ஆவார். இவர் 1926-ல் நியூயார்க்கு நகரிற் பிறந்தார். இருபத்தொரு வயதிலேயே அந்நகரத்து வானொலி நிலையமொன்றில் விளையாட்டுப் பகுதியின் தலைவரானார். ஆட்டங்களுக்கு முன்னும் பின்னும் வீரர்களோடு உரையாடி ஒலிபரப்புவது அவருடைய வேலைகளுள் ஒன்று. அவ்வுரையாடல்களே பிற்காலத்தில் அவர்க்கு மூலதனமாயின.

அவர் திரைப்படத் துறையிற் புகுந்த வரலாறு சுவையுடையது. நியூயார்க்கு இசைநாடக அரங்கில், ஈட்டி தாங்கி நிற்கும் ஊமைச் சேவகர் வேடம் பூண்டு அவர் நின்றபோது, அவரைப்போலவே வேடம் பூண்ட ஜான் டேவிஸ் என்னும் கறுப்பின இளைஞரைக் கண்டார். அவ்விளைஞரோ 1948-ல் இலண்டன் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் தங்கப் பதக்கம் பெற்றவர். உலகத்திலேயே வலிமை மிக்கவர் எனப்பட்ட ஒருவர், தம் நாட்டாரால் அறியப்படாமல் நாடக மேடையின் ஓரத்தில் நிற்கின்றார்! கிரீன்ஸ்பான் இதனைக் கண்டு வாளா இருந்திலர். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்கு அவரைத் தொடர்ந்து சென்று, அங்கும் டேவிஸ் தங்கம் வென்றதைக் கொண்டு ஒரு சிறு படம் ஆக்கினார். அதனை அமெரிக்க வெளியுறவுத் துறையே விலைக்கு வாங்கியது. வருணனையாளர் ஆவணப்படக்காரரானார்.

அதன்பின் 1936-ல் பெர்லின் நகரில் நான்கு தங்கப் பதக்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸை, மீண்டும் அந்நகருக்கு அழைத்துச் சென்று 1960-களில் அவர் எடுத்த படம் பெரும்புகழ் ஈட்டியது. ஓட்டம் நிகழ்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் சென்றபின், அதே மைதானத்தில், ஓடியவரே நின்று பேசுகின்றார். இதனை எந்த நேர்முக வருணனை செய்யவல்லது? பின்னர் ஒலிம்பிக் வரலாற்றை 22 பகுதிகளாகத் தொலைக்காட்சிக்கு ஆக்கினார். அது 1976-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகின் பல நாடுகளிற் காட்டப்பட்டது. 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கைப்பற்றி எடுத்த நெடும்படம் முதலாகப் பல ஒலிம்பிக் விழாக்களின் அதிகாரபூர்வப் படங்களை அவர் ஆக்கினார். 1985-ல் ஒலிம்பிக் குழுவினர் அவர்க்குத் தம் உயர்ந்த விருதாகிய ஒலிம்பிக் ஆணையை அளித்தனர். அவர் 2010-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று மறைந்தார். வானொலியில் தம் குரலால் வாழ்ந்த அவர், தம் படங்கள் பலவற்றில் தாம் பேசாது, தம் உடன்பிறந்தாராகிய டேவிட் பெரியையே உரை பேசச் செய்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. குரலாளர் தம் குரலை அடக்கிக்கொண்டார், பொருள் வெளிப்பட்டது.

இனி, இவ்விரு கலைகளின் வேற்றுமையை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவாம். 1968-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், மெக்சிக்கோ நகரில் மாரத்தான் நெடுந்தொலை ஓட்டம் நிகழ்ந்தது. எத்தியோப்பியா நாட்டு மாமோ வோல்டே 2 மணி 20 நிமிடம் 26 நொடியில் ஓடி முதற்பரிசு பெற்றார். பதக்கம் வழங்கியாயிற்று; மக்கள் பெரும்பாலும் கலைந்தனர்; பொழுதும் சாய்ந்தது. வென்றவர் ஓடி முடித்து ஒரு மணிநேரத்திற்கு மேற்சென்றபின், தான்சானியா நாட்டு ஜான் ஸ்டீபன் அக்வாரி மைதானத்துள் நுழைந்தார். வழியிற் கீழே விழுந்து முழங்காலிலும் தோளிலும் புண்பட்டவர் அவர். கட்டுப்போட்ட காலை இழுத்திழுத்து அவர் எல்லைக்கோட்டைக் கடந்தபோது ஆன காலம் 3 மணி 25 நிமிடம் 27 நொடி. ஓட்டத்தைத் தொடங்கினவர் 75 பேர். முடித்தவர் 57 பேர். அவருள் அக்வாரி கடைசியானவர். நொந்த காலோடு ஏன் ஓடினீர் என்று வினவியபோது, தம் நாடு தம்மை அத்துணைத் தொலைவு அனுப்பியது ஓட்டத்தைத் தொடங்குவதற்கன்று, முடிப்பதற்கே என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார்.

செய்திக்கு உரியவர் வோல்டே. ஆவணப்படத்திற்கு உரியவர் அக்வாரி. கிரீன்ஸ்பான் தம் படத்தில் அக்வாரியின் ஓட்டத்தை எடுத்துக் காட்டியதனாலன்றோ, அவர் பெயர் இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது? 1984-ஆம் ஆண்டுப் படத்திலும், 5,000 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனை படைத்திருந்த இங்கிலாந்து வீரர் டேவ் மூர்க்ராப்ட், இடுப்பு நோவோடு கடைசியராய் ஓடி முடித்ததை அவர் விரித்துக் காட்டினார். அதே விழாவில் நம் பி. டி. உஷா, 400 மீட்டர் தடையோட்டத்தில் நொடியில் நூற்றிலொரு பங்கால் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். முடிவுப் பட்டியலில் அது நான்காமிடம் என்னும் ஒரே சொல். அந்த நூற்றிலொரு பங்குக்குள் பையோலி கிராமத்துச் சிறுமி ஒருத்தியின் பல்லாண்டு உழைப்பு அடங்கியிருக்கின்றது. அதனைப் பட்டியல் சொல்லாது.

பவுலடியார் வாழ்க்கையை ஓட்டப் பந்தயத்தோடு ஒப்பிட்டதை நாம் அறிவோம். ஓரிடத்தில் பரிசு பெறும்படி ஓடவேண்டும் என்று அறிவுறுத்திய அவரே, தம் வாழ்நாளின் இறுதியில் எழுதிய நிருபத்தில், எத்தனையாவதாக வந்தோம் என்பதைப்பற்றிப் பேசினாரில்லை; ஓடி முடித்ததையே பேசினார். அக்வாரியின் ஓட்டத்தை நோக்கும்போது அவ்வொப்புமையின் ஆழம் நமக்கு நன்கு விளங்குகின்றது.

கிரீன்ஸ்பானைக் குறை கூறினாரும் உளர். ஒலிம்பிக்கைச் சூழ்ந்த அரசியற் பூசல்களையும், ஊக்கமருந்து முதலிய தீமைகளையும் அவர் போதிய அளவு காட்டாது, நன்மையையே பாடினார் என்பது அவர் கூற்று. இக்குறையில் உண்மையுண்டு என்றே யான் கருதுகின்றேன். வீரனைப் போற்றும் படம், அவனை வருத்திய வறுமையையும் புறக்கணிப்பையும் மறைத்தல் ஆகாது. ஜான் டேவிஸ் ஏன் நாடக மேடையின் ஓரத்தில் நின்றார் என்பதும் கதையின் ஒரு பகுதியேயன்றோ?

ஆக, வருணனையாளர் ஆவணப்படத்திற்குக் கொண்டுசெல்வன கூரிய கண், வீரர்களோடு பழகிய பழக்கம், நிகழ்ச்சியின் எந்தக் கணம் உயிர்க்கணம் என்றறியும் உணர்வு, எளிய சொல் ஆகியன. அவர் விட்டுச்செல்லவேண்டுவன இடையறாப் பேச்சு, வெற்றி ஒன்றையே நோக்கும் பார்வை, அன்றன்றைய செய்தியோடு அமைந்துவிடும் மனம் ஆகியன. புதிதாய்க் கற்கவேண்டுவனவோ பொறுமையும், பழஞ்சுவடி தேடும் ஆராய்ச்சியும், வேண்டாதன கழிக்கும் துணிவும் ஆம்.

இப்பொறுமைக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் கடல் கடக்கவேண்டுவதில்லை. இதழாசிரியராகிய ஏ. கே. செட்டியார் விளையாட்டுத் துறையினர் அல்லர். ஆயினும் செய்தியினின்று ஆவணப்படத்திற்குச் சென்ற தமிழர் அவர். காந்தியடிகளைப்பற்றிய பழைய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, ஏறத்தாழ 50,000 அடி நீளமுள்ள படங்களைத் திரட்டி, அவற்றினின்று தெரிந்தெடுத்து 1940-ல் தமிழ் உரையோடு படம் வெளியிட்டார். காந்தியடிகளை நாள்தோறும் செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, நாளைக்கு இவை எஞ்சுமா என்று அவர் ஒருவர் கவலைகொண்டார்.

அக்கவலை இன்று நம் திண்டுக்கல் வட்டாரத்துக்கும் உரியது. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடங்கியதுமுதல், நத்தத்தில் உள்ள கல்லூரி மைதானத்தில் போட்டிகள் நிகழ்ந்து, தொலைக்காட்சியாரின் ஒளிபரப்பு வண்டிகளும் உயர்ந்த விளக்குகளும் நம் சமவெளிக்கு வந்துள்ளன. 2024-ல் திண்டுக்கல் அணியே கோப்பையை வென்றது. அவ்வாட்டங்களின் ஒவ்வொரு பந்தும் பதிவாகியுள்ளது, நன்று. ஆனால் தோல் தொழிற்சாலையில் வேலைபார்த்துக்கொண்டே கபடி ஆடியவர் யார்? பூட்டுப் பட்டறையினின்று மாலையில் கைப்பந்தாட வந்தவர் யார்? மாவட்டப் போட்டியில் ஓடி வென்று, மணமான பின்னர் ஓட்டத்தை விட்ட பெண்மக்கள் எத்துணைப் பேர்? ஏறுதழுவுதலில் புண்பட்டு, இன்று திண்ணையில் அமர்ந்திருப்போர் நிலை யாது? இவர்களைப்பற்றி ஒலிபெருக்கியில் ஒருநாள் முழங்கிய சொல் அன்றே காற்றிற் கலந்தது. அவர்கள் மறைந்தால், அவர்கள் ஆடிய ஆட்டமும் உடன் மறையும். இஃது ஓர் இழப்பன்றோ?

இதனைத் தடுத்தற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. செட்டியார் காலத்துப் படச்சுருளின் விலை இன்றில்லை. மாணவர் பலர் கையிலும் உள்ள கைப்பேசியே படப்பெட்டியாகவும் ஒலிப்பதிவுக் கருவியாகவும் உதவுகின்றது. வேண்டுவன ஒழுங்கும் பொறுமையும். முதியவர் ஒருவரைத் தேர்ந்து, அவர் இசைவு பெற்று, அவர் ஆடிய களத்திற்கே அழைத்துச் சென்று பேசவிடுதல் வேண்டும். வினா குறுகியதாக இருத்தல் நன்று. அவர் மௌனமாக இருந்தால் நாமும் மௌனமாக இருத்தல் அதனினும் நன்று. அவர் பெட்டியிலுள்ள மங்கிய புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் படம்பிடித்து, ஊர், ஆண்டு, உடன் ஆடினோர் பெயர் முதலியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். அவர் சொன்னதை மற்றொருவர் சொல்லோடும் அக்காலச் செய்தித்தாளோடும் ஒத்துப் பார்த்தல் இன்றியமையாதது. நினைவு அன்புடையது, ஆயினும் சிற்சில வேளை பிழையுடையது.

தமிழ் பயில்வார்க்கு இதிற் சிறப்பான கடமையுண்டு. முல்லைக்கலி பாடிய புலவர் அன்று அக்களத்தைச் சொல்லில் வையாதிருந்தால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஆயர் மகன் ஒருவன் ஏற்றின் மேற் பாய்ந்தது நமக்கு எவ்வாறு தெரியும்? அவர் செய்த பணியைப் படத்தாலும் ஒலியாலும் தொடர்தல் நம் கடன். விளையாட்டு வருணனையாளராக விரும்பும் மாணவர் பலர் நம்மிடை உளர். அவர்கள் அவ்வாறே ஆகுக. ஆனால் வென்றவர் பெயரை முழங்கியவுடன் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு வீடு திரும்பாதிருப்பாராக. விளக்குகள் அணையும் வேளையில், புண்பட்ட காலோடு இன்னும் ஒருவர் வந்துகொண்டிருத்தல் கூடும். அவர் வந்து சேரும்வரை காத்திருப்பவரே நாளைய ஆவணப்படத்தை ஆக்கவல்லவர்.